ஒன்பது பெயர்களும் ஓர் அடைப்புக்குறியும்

2014 நவம்பர் 19, புதன், பிற்பகல் மூன்று மணி. பருவத்தின் முதல் மழை இருட்டிக்கொண்டு பெய்ய, நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்பு அலுவலகத்தில் பகலிலேயே விளக்கு எரிகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் முட்டின்டா தமது நேற்றைய உரையின் தட்டச்சுப் படியைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறார். தாமிரச் சுரங்கம் சரிந்து புதைந்த ஒன்பது பேரின் பெயர்களை அவர் அவையில் வாசித்திருந்தார். அவர்கள் தன் ஆட்களே அல்லர் என்று சொல்லும் சுரங்க நிறுவனம் உடல்களைத் தோண்டியெடுக்க மறுக்கிறது. அவர்கள் அங்கே இறங்கியதற்கு இந்தப் பக்கம் ஒன்றே சான்று. "பேரெல்லாம் சரியா இருக்காம்மா?" என்கிறார் குறிப்பெழுத்தர் கபேம்ப்வா. "ஆளுங்கட்சிக்காரங்க சிரிச்சதையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கேன்." "இருக்கட்டும்ப்பா. சிரிச்சவங்க பேரப்புள்ளைங்களும் படிக்கணுமில்ல." ஈரத் தோளோடு உள்ளே வரும் அவைக்காவலர், அவைத்தலைவர் கையொப்பமிட்ட தீர்ப்பை முட்டின்டாவிடம் நீட்டுகிறார்: ஆதாரமற்ற ஒன்பது பெயர்களும் குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. சிரிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.