நாலு ஜாடி பாசி

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்த டைவிங் எல்லாம் கூடாது" என்றான் சுந்தரராஜன். 1974 கோடையில், பெண் பார்க்க ஹம்பர்க்கிலிருந்து கப்பலேறி, கிரிஜா வேலை பார்க்கும் ஜெர்மன் தீவுக்கே வந்திருந்தான்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கிரிஜா கேட்டாள்: "ஏன்?"

"ரப்பர் டிரஸ் மாட்டிக்கிட்டு ஆம்பளைங்களோட கடல்ல குதிக்கிற பொண்ணுன்னு ஊர்ல எப்படிச் சொல்றது? உங்க வம்சத்துலயே நீங்கதான் முதல் பட்டதாரியாம். அந்தப் பெருமை போதாதா?"

கிரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்:

"கல்யாணம் எப்போ?"

"என் பிஎச்.டி. முடிஞ்சதும். கடலுக்கடியில தூண் மாதிரி நிக்கிற பாறைங்க இருக்கே, அதுல வளர்ற பாசிதான் என் ஆராய்ச்சி. பாதுகாக்கப்பட்ட பகுதி, கண்டவனும் இறங்க முடியாது. பர்மிட் இருக்கிற ஒரே ஒரு டைவர் எடுத்து அனுப்பறான். கெட்டிக்காரன்! இன்னும் நாலு ஜாடி வந்தா முடிஞ்சுது."

"சரி, உங்க இஷ்டம். டைவிங்கை இன்னைக்கே விட்டுடறேன்."

சுந்தரராஜனுக்கு வாயெல்லாம் பல். "இவ்வளவு அடக்கமா இருப்பீங்கன்னு நினைக்கலை."

கிரிஜா அலமாரியைத் திறந்து நாலு காலி ஜாடிகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். நாலிலும் அவன் பெயரும் ஹம்பர்க் விலாசமும் அவள் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தன.

"இனிமே நீங்களே குதிச்சு எடுத்துக்குங்க" என்றாள்.