வேலைநிறுத்த வருடத்து ட்ரம்பெட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஆகஸ்டில் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதன்பின் எங்கள் ஹார்லெமில் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கவில்லை. அண்ணன் லூஷியஸ் அதற்கு முன்பே போருக்குக் கப்பலேறியிருந்தான். அவன் ட்ரம்பெட் வாசித்த ஒரே தட்டை, அண்ணி ஒடெஸ்ஸா ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்து போடுவாள். கடைசியில் வரும் அவனுடைய தனிவாசிப்பு வாரத்துக்கு வாரம் நீண்டது.

"ஊசி தேஞ்சிருச்சு அண்ணி, மாத்துங்க."

"போடி! உங்கண்ணன் என்னைக்குச் சொன்ன நேரத்துல முடிச்சிருக்காரு?"

நேற்று முடித்தான்; தட்டிலேயே கேட்டது. குழலில் தேங்கிய எச்சிலை ஊதி வெளியேற்றினான். ட்ரம்பெட் பெட்டியின் கொக்கிகளை மாட்டினான். பிறகு தட்டில் அவனுடைய காலடிச் சத்தம் நெருங்கி வந்தது.

கிராமபோனின் விசை தளர்ந்தது. காலடியும் தளர்ந்தது.

"சாவி குடுடி! பாதி வழியில நிக்கிறாரு."

இன்னும் மாறி மாறிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.