முன்னால் நகரும் சீட்

திலக்ஷன் நல்ல உயரம். கொழும்பில் வாங்கி மலையகத்து டிக்கோயாவுக்குக் கொண்டுவந்த பழைய சொகுசுக் காரில் காலையில் ஏறும்போதெல்லாம் அவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இரவோடு இரவாக டிரைவர் சீட் முன்னால் நகர்ந்திருக்கும். பட்டனை அழுத்திப் பின்னுக்குத் தள்ளினாலும் மறுநாள் அதே கதைதான்.

"நீதான் ஏறி நோண்டுறியா?" என்று மனைவி கிருஷாந்தியிடம் எரிந்து விழுந்தான்.

"எந்தப் பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஹட்டன் மெக்கானிக் போனில் சொன்னபடி சீட்டின் இடத்தை நினைவில் வைக்கும் மெமரியை அழித்தான். பியூஸைக் கழற்றினான். எதற்கும் அது மசியவில்லை.

"அப்ப பேட்டரியவே கழட்டிருங்க. கரண்டு இல்லாம எப்புடி நகரும்?" என்றார் மெக்கானிக்.

சாயந்திரத் தூறலில் நனைந்துகொண்டே பேட்டரியைக் கழற்றிக் குசினிக்குள் அடுப்புத் திட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான்.

விடிந்ததும் காரில் ஒரு காலை வைத்தான். முழங்கால் நங்கென்று இடித்தது.

"இங்க வா. நீயே ஏறிப் பாரு," என்று கத்தினான்.

கிருஷாந்தி வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள். அவள் கால் பெடலில் பாந்தமாகப் பதிந்தது. முகத்திலிருந்த கோபம் மெல்லக் கரைந்தது.

"சீட்டுல சூடு வரும்னு சொன்னீங்க, நான்தான் நம்பல," என்றாள். "இந்தக் குளிருக்கு எவ்வளவு எதமா இருக்கு."

திலக்ஷன் பக்கத்துச் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். அது பனிக்கட்டியாகக் குளிர்ந்து கிடந்தது. பேட்டரி இன்னும் குசினியில்தான் இருந்தது.

"எறங்கு," என்றான். குரலில் இப்போது எரிச்சல் இல்லை.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கேனே," என்று அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.