பத்தடி தள்ளி நில்லு

"பாய், சமையல் ரூம்ல நல்ல பாம்பு! கேஸ் சிலிண்டர் பின்னாடி இருக்குது. நான் மட்டும்தான் வூட்ல."

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடும் சனாவுல்லா, பாம்பு பிடிப்பதிலும் பேர் பெற்றவர். சித்திரை வெயில் ஏறினால் இப்படித்தான் போன் வரும்.

"அடிச்சுடாதம்மா."

"நாங்க ஜைனருங்க பாய். எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம்."

"நல்லது. பத்தடி தள்ளி நில்லு. கண்ணை அதும் மேலருந்து எடுக்காத. போனை வெக்காம பேசிக்கினே இரு, வந்துடறேன்."

இயர்போனை மாட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்கு பைக்கை விரட்டினார். போன் செய்த ஸ்ருதி பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி நாலு மாதம். வயலோரப் புது மனையில் ஒற்றை வீடு. கணவன் ஆதீஷ் கம்பெனிக்குள் போனால், போன் லாக்கருக்குள் போய்விடும். ஊரில் அவள் அம்மாவுக்கு அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

"இன்னும் இருக்குதாம்மா?"

"இருக்குது பாய்."

நாற்பது நிமிடத்தில் கொக்கியும் பையுமாக உள்ளே நுழைந்தார். அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர்களில் டீ ஆவி பறந்தது. கீழே சிலிண்டர்.

"பத்தடி தள்ளி நின்னுக்கினு எப்படிம்மா டீ போட்ட?"

ஸ்ருதி தலைகுனிந்தாள். "நீங்க பைக் எடுக்கறதுக்கு முன்னாடியே அது பின்வாசல் வழியா வயலுக்குப் போயிடுச்சு பாய்."

"அப்பவே சொல்றதுக்கென்ன? இந்த வெயில்ல விழுந்தடிச்சு வரேன்!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க, போனை வெக்காம பேசிக்கினே இருன்னு சொல்லிட்டீங்க. இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து யாரும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல, பாய்."