யாரும் சொல்லாமலே

மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அப்பா முதல்முறையாக வந்திருந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"இதுதான் பிராஸ்டேட் கேன்சரா? பாக்க ரொம்ப சாதுவா இருக்கே!"

"ஹார்மோன் வந்து வளரச் சொன்னாத்தான் இந்த செல் வளரும்பா. அதனால ஊசி போட்டு ஹார்மோனை அடக்கினாங்க. இப்ப அந்தச் சேதியை வாங்குற ஜீனே மாறிடுச்சு. யாரும் சொல்லாமலே வளருது."

"சரியான அதிகப்பிரசங்கி! யாரோடது?"

"இங்க நம்பர் மட்டும்தான்பா. பேர் போட மாட்டோம்."

"பாவம். அந்த ஆளுகிட்ட சொல்லியாச்சா?"

"டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்றேன்னு கெஞ்சி அனுமதி வாங்கிக்கிட்டேன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? எப்பச் சொல்லப்போற?"

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பதான்பா சொல்லிட்டிருக்கேன். உங்களுக்கு அந்த ஊசி மட்டும் இனிமே போதாது. வேற மருந்தும் இருக்கு."