பானெட்டுக்குள் கோழி

நம்பினால் நம்புங்கள். ஒரு கிழட்டு வேனைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். இன்ஜின் உறுமினால் புது பெயிண்ட், இல்லாவிட்டால் காயலான் கடை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"தம்பி, என் இன்ஜின் சிங்கம்டா! ஏறாத மலை இல்லை," என்று ஸ்பானரிடம் அளந்தது வேன்.

பானெட்டைத் திறந்த ஸ்பானர், "ஐயையோ!" என்று அலறிக் கீழே விழுந்தது. உள்ளே இன்ஜினே இல்லை. அந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வேனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ இத்தனை வருஷமா நான் எப்படி ஓடினேன்?"

"ஏறினவங்க எல்லாரும் இறங்கித் தள்ளினாங்களே, பெரியவரே! 'தள்ளு, தள்ளு'ன்னு அவங்க போட்ட கூச்சல்ல நான் கண்ணே மூடலை," என்றது கோழி.

வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

வேன் குரலைத் தாழ்த்தியது. "கோழியக்கா, உனக்கு உறுமத் தெரியுமா?"