தலைகீழாய் ஒரு கேள்வி

வாத்துக்குஞ்சுகூடத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற தேங்கல் தண்ணீரில் அம்ப்ரோஸ் மறுபடியும் படகோடு கவிழ்ந்தான். இத்தனைக்கும் மேலே நுரை கக்கிய பாறைச் சரிவை ஒரு சிராய்ப்பில்லாமல் தாண்டி வந்தவன்.

"ஏன் தலைவரே, இவனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்றாள் கூண்டி. லியென்ஸ் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

தலைவர் ஹார்ட்விக் துடுப்பை ஒரு தரம் போட்டு அருகே வந்தார். இடது, வலது, நில்லு என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததாகக் படகு கிளப்பில் யாருக்கும் நினைவில்லை. தன் ஆரஞ்சுப் படகின் மூக்கை அம்ப்ரோஸின் கைக்கு எட்டும்படி நீட்டினார். அவன் அதைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தான், மூக்கில் தண்ணீரும் முகத்தில் எரிச்சலுமாக.

"யாரு உங்களைக் காப்பாத்தச் சொன்னது?"

"விட்டா அடியிலயே குடும்பம் நடத்துவ போலிருக்கே," என்றாள் கூண்டி.

குடும்பம் நடத்தத்தான் இத்தனை பாடும். கிளப்பில் கூடவே படகோட்டும் ரோஸ்விதாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்க அவன் நாலு வருஷமாக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் பக்கத்தில் வந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை "என்னை..." என்று ஆரம்பித்து "எண்ணெய் டப்பா எங்க?" என்று முடிக்க, அவளும் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் வேலை மாறி கிராட்ஸ் நகரத்துக்குப் போகிறாள். அவளோடு ஈஸல் ஆற்றில் இதுதான் கடைசிப் பயணம். அதனால் நேற்று மாலை அம்ப்ரோஸ் கிளப் கொட்டகைக்குப் போய், ஒரே அச்சில் வார்த்த ஆரஞ்சுப் படகுகளில் தான் வழக்கமாக எடுக்கும் படகின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான்: 'என்னைக் கட்டிக்கிறியா?'

யோசனையில் ஒரே ஒரு சங்கடம். கேள்வி தெரிய வேண்டுமானால் கேட்கிறவன் தலைகீழாக வேண்டும்.

காலையில் ரப்பர் உடுப்பின் ஜிப்போடு புதருக்குள் மல்லுக்கட்டிவிட்டு அவன் வந்தபோது மற்றவர்கள் ஆற்றுக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். படகுகளை ஏற்றிவந்த வேனடியில் தனக்காக விட்டுவைத்திருந்த படகை, அதன் அடிப்பக்கம் யார் கண்ணிலும் பட்டுவிடாமல், முட்டை மேல் உட்கார்ந்த கோழி மாதிரி அணைத்துக்கொண்டே இழுத்துப்போனான். கரையில் ஹார்ட்விக் காதுமடல்வரை சிவந்துபோய் நின்றார். மலை வெயில் இந்த வயசில் ஆகாதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த தேங்கலில் ரோஸ்விதா நேர் எதிரே வந்து நின்றாள். அம்ப்ரோஸ் மூச்சை இழுத்துக்கொண்டு கவிழ்ந்தான்.

பனி உருகி வந்த தண்ணீர் காது வழியாக மூளையைத் தொட்டது. படிக்கட்டும், நிதானமாகப் படிக்கட்டும் என்று தொங்கினான். அவனை இழுத்தெடுக்கக் கூண்டி எறிந்த கயிற்றுப் பை கையில் வந்து இடித்தது. தள்ளிவிட்டான். கடைசியில் மூச்சு முட்டி, படகை விட்டே கழன்று வெளியே மிதந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ரோஸ்விதா கண்கள் விரிய, உள்ளங்கையால் தன் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆற்று இரைச்சலில் பேச்சு எடுபடாது. தலையில் தட்டினால் 'சரி' என்று அர்த்தம். 'நீ சரியா இருக்கியா?' என்று கேட்பதற்கும் அதே தட்டுதான். அது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவனும் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். படகை யார் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மண்டையில அடி பட்டிருக்கு," என்றாள் கூண்டி.

கரையேறியதும் அவளே அவன் ஷூ ஒன்றைக் கழற்றி, அதில் நுரைக்க நுரைக்க பீரை ஊற்றினாள். படகை விட்டு நீந்தியவன் தன் ஷூவில்தான் குடிக்க வேண்டும் என்பது கிளப் சட்டம்.

"கொண்டா. இன்னைக்கு இதுவும் தேன்தான்," என்றான் அம்ப்ரோஸ்.

"இரு, குடிச்சிடாத," என்றாள் ரோஸ்விதா. "சேர்ந்து குடிப்போம். ஒரு நல்ல சேதி இருக்கு."

அம்ப்ரோஸ் ஷூவோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ரோஸ்விதா அவனைத் தாண்டிப் போய் ஹார்ட்விக்கின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நாங்க கட்டிக்கப் போறோம். நான் கிராட்ஸுக்குப் போகலை."

கூண்டி மிச்ச பீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள். "இந்த ஊமைக்கோட்டானையா? இவரு உன்னை எப்படிக் கேட்டாரு?"

"வாயைத் திறந்தா கேட்டாரு? காலையில படகைத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு முன்னால நடந்தாரு. அடியில இத்தாம் பெரிய எழுத்துல எழுதியிருந்தாரு. நானும் எத்தனை வருஷம்தான் காத்திருக்கிறது? அங்கயே சரின்னுட்டேன்."

அம்ப்ரோஸ் ஷூவை ஒரே மூச்சில் காலி செய்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெண்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கையில், ஹார்ட்விக் அவன் தோளில் கை போட்டு வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு காதாக, கிளப் வரலாற்றிலேயே தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னார்.

"அதை எழுதினது நான் இல்லடா, வெளிய சொல்லிடாத."